மலையிலிருந்து இறங்கினால் எந்தக் கரைக்கு?

நீலகிரிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல் உண்டு. இரண்டுமே எட்டத்தில்தான். குன்னூரிலிருந்து மேற்கே ஊட்டி, கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் என்று இறங்கினால் கோழிக்கோட்டுக் கரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கிழக்கே கோவை, திருச்சி, தஞ்சாவூர் தாண்டிக் கோடியக்கரை போக 450க்குக் குறையாது. மதுரை வழியாகத் தனுஷ்கோடி போனாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆயுத பூஜை லீவு நெருங்கும்போதே, பைனாகுலர் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்: இந்த வருஷம் கரைப்பறவை, அதாவது ஈரச்சேற்றில் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி வகையறா, பார்க்க எங்கே போகலாம்?

பெரும்பாலும் ஊரின் பெயரை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கோடியக்கரை என்றால் எல்லோருக்கும் தெரியும். கடலுண்டி என்றால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். எனக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. காட்டுப்பறவை பார்க்கப் போகிறவருக்கு ஊர் முக்கியம். பழுத்த அத்திமரம் நாளைக்கும் அங்கேயேதான் நிற்கும். கரைப்பறவை விஷயத்தில் ஊர் இரண்டாம் பட்சம். நீங்கள் போகிற அன்றைக்கு, போகிற நேரத்துக்கு, அங்கே தண்ணீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். 20, 30 கிராம் எடை. தண்ணீரில் நனையக்கூடிய கால் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதற்குச் சேறு ஈரமாக இருக்க வேண்டும், மூழ்கியிருக்கக் கூடாது. வளைமூக்கு உள்ளான் இன்னும் கொஞ்சம் ஆழம் தாங்கும். பவளக்காலியும் பச்சைக்காலியும் அதற்கும் உள்ளே போய் நடக்கும். நெடுங்கால் உள்ளானுக்குக் கவலையே இல்லை. ஒரு சாண் தண்ணீர் ஏறினால் போதும், சின்னவை எல்லாம் ஒரே எழும்பாக எழும்பி வேறெங்கோ போய்விடும். 450 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனவர் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆகவே நான் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைத்தான்: அந்த ஊரில் தண்ணீரை ஏற்றி இறக்குவது யார்? கடலுண்டியில் நிலா. தனுஷ்கோடியில் காற்று. கோடியக்கரையில் மழை, காற்று, உப்பளக்காரர் என மூன்று பேர். கோவைக் குளங்களில் மதகும் சாக்கடையும். நம் மலை அணைகளில் மின்வாரியம். இது பிடிபட்டுவிட்டால் எங்கே போவது என்ற கேள்வியோடு எப்போது போவது என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் பறவைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் கரைக்கு வரும் உள்ளான்களில் பல, வட துருவத்தை ஒட்டிய சைபீரியத் தரிசில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. ஆகஸ்டிலிருந்தே வர ஆரம்பிக்கும். முதலில் வளர்ந்த பறவைகள்; அந்த வருஷத்துக் குஞ்சுகள் பின்னால் தனியாக வரும், வழிகாட்ட யாரும் இல்லாமலே. மார்ச், ஏப்ரலில் திரும்பும். பட்டைவால் மூக்கன் என்ற ஒரு கரைப்பறவையின் குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. முதுகில் பொருத்திய கருவி சொன்ன கணக்கு அது. அந்தத் தனிப்பறவை பறந்தது பசிபிக் வழியில். ஆனால் அதே இனம் மன்னார் வளைகுடாவுக்கும் குளிர்காலத்தில் வருகிறது. இவ்வளவு தூரம் வருகிற கூட்டம் வேகமாகத் தேய்ந்துகொண்டும் இருக்கிறது. 2024 அக்டோபரில் உலகச் சிவப்புப் பட்டியலைத் திருத்தியபோது வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாய்ப்புள்ள இனங்களாக வைத்தார்கள். இரண்டுமே நம் கரையில் சாதாரணமாகக் காணக்கூடியவை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

கடலுண்டி: ஆப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டிய இடம்

கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களின் எல்லையில், கடலுண்டிப் புழை கடலில் சேரும் முகத்துவாரம் இது. 2007இல் கடலுண்டி–வள்ளிக்குன்னு சமூகக் காப்பகம் என்று அறிவித்தார்கள். கேரளத்தின் முதல் சமூகக் காப்பகம். பரப்பு சின்னதுதான், ஒன்றரை சதுர கிலோமீட்டர் அளவு. சின்னதாக இருப்பதே புதிதாகப் பார்க்க வருபவருக்கு வசதி. சேற்றுத்திட்டு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 8x42 பைனாகுலரை மட்டும் வைத்துக்கொண்டு குதிரைமலைக் கோட்டானையும் பவளக்காலியையும் பிரித்தறிய முடியும்.

ஏற்றவற்றம் இங்கே நன்றாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் உள்வாங்கும், அதிகம் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். பக்கத்திலேயே பேப்பூர் துறைமுகம் இருப்பதால் அதற்கான நேர அட்டவணை, கடல் ஏற்றவற்றம் காட்டும் எந்த ஆப்பிலும் கிடைக்கும். காலை ஏழு, எட்டு மணி வாக்கில் வற்று முடிகிற நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வற்று முடிந்து தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்குமே, அந்த இரண்டு மணி நேரம்தான் விருந்து. சேறு கொஞ்சம் கொஞ்சமாக மூழ்க மூழ்க, தூரத்தில் பரந்து கிடந்த பறவைகள் எல்லாம் மிச்சமிருக்கும் திட்டுக்கு நெருக்கி வரும். நீங்கள் அசையாமல் நின்றால் போதும், கடலே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். முழு ஏற்றத்தில் போனால் ஒன்றும் இராது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் காலை நேரத்தில் கடல் பக்கத்துத் திட்டு தெளிவாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் எல்லாம் கருப்பு உருவங்கள்தான், இனம் பிரிக்கக் கண் வலிக்கும்.

இங்கே நான் நின்று பார்க்கச் சொல்வது குதிரைமலைக் கோட்டானை. கோழி அளவு உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளத்தில் கீழ்நோக்கி வளைந்த அலகு. நண்டு வளைக்குள் அலகை முக்கால்வாசி விட்டு, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ தேடித் திருப்பும். நண்டு வந்துவிட்டால் அவசரப்படாது. ஒரு காலைக் கவ்வி உதறும். கால் கழன்று நண்டு கீழே விழும். மறுபடி எடுக்கும், இன்னொரு காலைக் கவ்வி உதறும். கொடுக்கும் காலும் போன உடலை அலகு நுனியிலிருந்து தொண்டை வரை இரண்டு மூன்று எத்தில் ஏற்றி விழுங்கும். கடல்காகம் ஒன்று பக்கத்தில் காத்திருந்தால் இந்த வேலை எல்லாம் ஓடிக்கொண்டே நடக்கும்.

அப்புறம் மணல் உப்புக்கொத்தி. சிறு மணல் உப்புக்கொத்தி என்று முன்பு ஒன்றாக வைத்திருந்ததை இப்போது சைபீரியம், திபெத்தியம் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் பக்கம் வருபவை பெரும்பாலும் திபெத்தியம். லடாக்கிலும் திபெத் மேட்டுநிலத்திலும் குஞ்சு பொரிப்பவை. அதுவும் நம்மைப்போல மலைக்காரன்தான். குளிருக்குக் கடற்கரைக்கு இறங்கியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடாகி வருகிறது. கண்டல் (அலையாத்தி) செடிகள் சேற்றுத்திட்டுக்குள் பரவுகின்றன. கண்டல் நல்லதுதானே என்று தோன்றும். மீனுக்கும் கரைக்கும் நல்லது. ஆனால் திறந்த சேறு தேவைப்படும் கரைப்பறவைக்கு, கண்டல் முளைத்த இடம் போன இடம்தான். பறவைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டதாக அங்கே தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இந்த இடம் ஏமாற்றம் தரும்.

போகும் வழியில் ஒரு விஷயம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு புது ஊர் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போய்வருகிற ஊர். விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பலாம். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஓர் இரவு தங்கல் தேவைப்படும். வண்டி ஓட்ட விருப்பமில்லை என்றால் கோவையிலிருந்து ஷொரனூர், திரூர் வழியாகப் போகும் ரயில். பரப்பனங்காடியிலோ பெரோக்கிலோ இறங்கிக்கொள்ளலாம். கடலுண்டி ஸ்டேஷனில் எல்லா வண்டியும் நிற்காது. கோவையில் வாடகைக் கார் எடுத்து மலைக்குத் திரும்புவதாக இருந்தால் வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் நினைவிருக்கட்டும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 பழக்கத்தில் நாம் அதை மறந்தே போயிருப்போம்.

கோடியக்கரை: மூன்று பேர் கையில் இருக்கும் தண்ணீர்

இதற்குச் சமமான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1967இல் சரணாலயம். 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். அடுத்த இருபது வருஷத்துக்கு ஒரே ராம்சார் தலமும் இதுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலி காலத்திலிருந்து இங்கே வலை கட்டிப் பறவைகளுக்குக் கால்வளையம் போட்டு வருகிறார்கள். இன்றைக்கு உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் 1980களில் இங்கே பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கூட்டத்தோடு இப்போதுள்ளதை ஒப்பிடவே முடியாது என்று பழையவர்கள் சொல்வதும் உண்மைதான். குறைந்த பிறகும், ஒரே பார்வையில் வானம் மறைய எழும்பும் உள்ளான் கூட்டத்தை இங்கே பார்க்கலாம்.

ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் வேதாரண்யம் சதுப்பு கிட்டத்தட்ட ஒரே மட்டம். வடகிழக்குப் பருவமழையில் ஊர்த் தண்ணீரும் காவிரிக் கிளை வாய்க்கால் தண்ணீரும் வந்து நிரம்பும். கொண்டல் காற்று கடல்நீரையும் உள்ளே தள்ளும். தரை தட்டையாக இருப்பதால், காற்று பலமாக ஒரு நாள் அடித்தால் நீர்ப்பரப்பே நகர்ந்து போய் நிற்கும். நேற்றுப் பறவை நின்ற இடம் இன்று முழங்கால் ஆழம். நவம்பரில் போகிறவர்கள் "ஒண்ணுமே இல்லைங்க, ஒரே தண்ணி" என்று திரும்பி வருவது இதனால்தான். நவம்பர் புயல் மாதமும்கூட. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். கோடியக்காட்டு மரங்களும் வெளிமான்களும் பட்ட பாடு அந்தப் பக்கத்தாருக்கு மறக்காது.

பொங்கலுக்குப் பிறகு மழைநீர் வடியத் தொடங்கும். ஓரங்களில் சேறு தலைகாட்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, அதுதான் கோடியக்கரைக் காலம்.

மூன்றாவது ஆள் உப்பளக்காரர். வேதாரண்யம் உப்பு என்றால் 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு. இன்றும் தூத்துக்குடிக்கு அடுத்தபடி மாநிலத்தில் அதிகம் உப்பு விளைவது இங்கே. பறவை பார்க்கிறவர் உப்பளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். கடல்நீரையோ உவர்நீரையோ முதலில் பெரிய தேக்கப் பாத்தியில் விடுவார்கள். அங்கிருந்து ஆவியாக்கும் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற உப்புச்செறிவு ஏறும். கடைசியில் உப்பு பூக்கும் சின்னப் பாத்தி. வெள்ளை வெளேரென்று படத்துக்கு அழகாக இருப்பது அந்தக் கடைசிப் பாத்திதான். புழு பூச்சி எதுவும் பிழைக்காத அந்த உப்பில் பறவைக்குத் தின்ன ஒன்றும் இல்லை. முதல் பாத்திகளின் ஓரத்தைப் பாருங்கள். உவர்நீர் இறால், உவர் ஈக்களின் புழு எல்லாம் இருக்கும் இடம் அது. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் முந்நூறு உள்ளான் மேய்வதும், அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லாததும் இங்கே சகஜம். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்கு இறங்குகிற அன்று, இறங்கிய பாத்தியின் ஈரச்சேற்றில் கூட்டம் மொய்க்கும். எந்தப் பாத்தி என்று உப்பளத்தில் வேலை செய்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அவர் பறவைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்றாலும் தண்ணீர்க் கணக்கு அவர் கையில். உப்பளங்கள் தனியாரிடம் இருப்பவை. கேட்டில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதி.

கரைப்பறவைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ள இந்தப் பாத்தி ஓரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை அலகு. ஓடும், சட்டென நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். அது கண்ணால் வேட்டையாடுகிறது. உள்ளான்கள் தலை நிமிர்வதே இல்லை. அலகு நுனியில் தொடுவுணர்வு செறிந்திருப்பதால் சேற்றுக்குள் குத்திக்குத்தியே இரையைக் கண்டுபிடித்துவிடும். மூக்கன்களுக்கு இன்னும் ஒரு வசதி: முழு வாயையும் திறக்காமல் அலகின் நுனியை மட்டும் இடுக்கிபோலத் திறக்க முடியும், சேற்றுக்குள் அழுந்தியிருக்கும்போதே. நிறம் பார்த்துக் குழம்புகிறவர்கள் அரை மணி நேரம் நடையைப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான், நிறம் கைகொடுக்காது.

மலைக்காரர்களுக்கு இங்கே பெரிய சோதனை வெயில். ஒன்பதரை, பத்து மணிக்குக் கானல் எழும்பிவிடும். ஸ்கோப்பில் பார்த்தால் பறவை எல்லாம் தண்ணீருக்கு மேல் நடுங்கிக்கொண்டு தெரியும், கால் நிறம்கூடச் சொல்ல முடியாது. சதுப்பில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. விடியலில் ஒரு சுற்று, நாலு மணிக்கு மேல் ஒரு சுற்று. நடுவில் கோடியக்காட்டு நிழலில் வெளிமான் பார்க்கலாம், சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோவிலுக்குப் போகலாம், அல்லது சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். நான் தூங்கவே சொல்வேன்.

போக்குவரத்துக்குக் கோவையிலிருந்து மன்னார்குடி போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி நல்ல வழி. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பஸ். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகல ரயில் பாதையும் திறந்திருக்கிறார்கள். ஆனால் உப்பளங்களைச் சுற்ற எப்படியும் ஒரு வண்டி வேண்டும், அதை உள்ளூரில்தான் பேசிக்கொள்ள வேண்டும். மூன்று நாளுக்குக் குறைவாக இங்கே போவதில் அர்த்தமில்லை. காற்று எந்த நாளைக் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் ஒரு நாள் கையிருப்பு தேவை.

தனுஷ்கோடி: குடும்பத்தோடு போனால்

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்று எல்லோரும் படம் எடுக்கும் இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, சாலையின் இரு பக்கமும் இருக்கும் ஆழமில்லாத உப்பங்கழிகளில்தான் பறவை. ஏற்றவற்றம் இங்கே மேற்குக் கரை அளவுக்குக் கிடையாது. தண்ணீரை நகர்த்துவது காற்று. தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்பார்கள் ராமேஸ்வரத்துக்காரர்கள். வாடைக்காலத்தில் அந்தச் சாதுவான பெண்கடல்தான் பொங்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அதற்கு மறைவான ஓரத்தில் கூட்டம் ஒதுங்கியிருக்கும். வண்டியை நிறுத்தியதும் முகத்தில் காற்றுப் படும் திசையைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்புங்கள். சுலபம்.

2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் நண்டுதின்னியைப் பார்க்கலாம் என்ற ஆசையில் இங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கருப்பு வெள்ளைப் பறவையின் நல்ல கூட்டம் இருப்பது மண்டபத்துக்கு எதிரே மனோலி, முயல் தீவுப் பக்கம். அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. சுற்றுலாவாகப் போகிறவருக்கு அது கிடைப்பதும் கடினம். கரையில் கண்டால் அதிர்ஷ்டம்.

இதன் பலம் வேறு. பறவையில் ஆர்வமில்லாத மூன்று பேரை உடன் அழைத்துப் போக முடிகிற ஒரே கரை இது. அம்மாவுக்கு ராமநாதசுவாமி கோவிலும் இருபத்திரண்டு தீர்த்தமும், பிள்ளைகளுக்குப் புதிய பாம்பன் பாலம், உங்களுக்கு விடிகாலை இரண்டு மணி நேரம். அரிச்சல்முனைக்கு எட்டரைக்குள் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வேன்கள் வரிசையாக வர ஆரம்பிக்கும். காற்றில் பறக்கும் மணல் ஸ்கோப்பின் திருகுமரைக்குள் புகுந்துவிடும், ஒரு பழைய துண்டு சுற்றி வையுங்கள். கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வாரம் ஒரு ரயில் உண்டு.

தொலைவு போகாமல்

கோவைக் குளங்களை ஏளனமாகப் பேசும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. மலையில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்குக் கோவையில் கல்யாணமோ, டாக்டர் அப்பாயிண்ட்மெண்டோ, உறவுக்காரர் வீடோ இல்லை? அந்தப் பயணத்திலேயே காலையில் ஒரு மணி நேரம் சிங்காநல்லூர், வெள்ளலூர், சூலூர் என்று ஏதாவது ஒரு குளக்கரையில் நின்றால் பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், சில நாள் கொசு உள்ளானும் கிடைக்கும். நொய்யல் குளங்களில் கழிவுநீர் வருஷம் முழுக்க வருவதால் முழுக்க வற்றுவது குறைவு. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் மட்டம் இறங்கும்போது ஓரத்தில் ஒரு பட்டைச் சேறு தெரியும். அந்தப் பட்டைதான் நமக்கு வேண்டியது. கரையைக் கான்கிரீட்டால் கட்டி நடைபாதை போட்டிருக்கும் குளங்களில் அது கிடையாது, நடைப்பயிற்சிக்காரர்கள்தான் இருப்பார்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கொஞ்சம் நேரம் கூடுதலாக இருந்தால் அதுவும் நல்லது. மூக்கன், குதிரைமலைக் கோட்டான், கல்திருப்பி எல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். கடலுக்குப் போகுமுன் கண்ணைப் பழக்கிக்கொள்ள இந்தக் குளங்கள் போதும்.

மலையைவிட்டு இறங்கவே முடியாது என்றால் இங்கேயும் ஒன்றிரண்டு உண்டு. எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா அணைகளில் மின்வாரியம் தண்ணீரை இறக்கிய நாட்களில் கரையோரக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு ஆற்று உள்ளான் நிற்கும். சோலை ஓரங்களில் குளிர்காலத்தில் காட்டு உள்ளான் வந்து தங்குகிறது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு காலத்தில் ஊட்டிப் பக்கம் தேடித்தேடிச் சுட்ட பறவை. பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும், இருட்டும்போது மண்புழு தேடிப் புல்வெளிக்கு வரும். அதைத் தேடிப் போவது பறவை பார்ப்பதைவிட அதிர்ஷ்டச் சீட்டுக்குப் பக்கம். தவிர அந்த நேரத்தில் சோலை ஓரத்தில் காட்டெருமைதான் நம்மை முதலில் பார்க்கும்.

பழவேற்காட்டை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அருமையான ஏரி, சென்னையில் வேலை இருக்கும்போது போய்க்கொள்ளலாம், இதற்கென்று மலையிலிருந்து போக வேண்டியதில்லை. தூத்துக்குடி உப்பளங்களும் அப்படித்தான்: தென்பக்கம் போகும் வேலை இருந்தால் மட்டும்.

நாளைப் பார்த்து முடிவெடுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை லீவு கிடைக்கிறதா, மேற்கே இறங்குங்கள். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் மழையும் புயலும். குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலேயே மண் சரிந்து மாட்டிக்கொள்ளும் காலமும் அதுதான். நாடுகாணி மலைப்பாதைக்கு அப்போது பெரிய தொல்லை இல்லை. அதன் ஆட்டம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை கிடைத்தால், மூன்று நாள் இருந்தால், யோசிக்காமல் கோடியக்கரை. பொங்கல் லீவைத் தாராளமாக அதற்குச் செலவழிக்கலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் ஜனவரியில்தான் என்பதால் தெரிந்தவர்களோடு சேர்ந்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. மார்ச் கடைசியில் போனால் எண்ணிக்கை குறைந்திருக்கும், சதுப்பு காய ஆரம்பித்திருக்கும். ஆனால் வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். சாம்பல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் கருப்பு திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். எனக்கு அந்த அரைகுறைக் கோலம் நடுக்குளிர் கூட்டத்தைவிடப் பிடிக்கும். மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டே நாள், முதல் முறை, ஸ்கோப் இல்லை என்றால் எந்த மாதமானாலும் என் ஓட்டு கடலுண்டிக்கு. இருநூறு பறவையைக் கிட்டத்தில் பார்ப்பது, இருபதாயிரம் புள்ளிகளைத் தூரத்தில் பார்ப்பதைவிட மேல். கூடவே வருபவர்களுக்குக் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவும் பிரியாணியும் இருப்பதால் வீட்டிலும் எதிர்ப்பு வராது.

எந்தக் கரையானாலும் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் திட்டில் கூட்டமாக ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகளை நெருங்காதீர்கள். படத்துக்காக ஒரு முறை எழுப்பிவிட்டால், பத்து நிமிடம் வட்டமடித்து அவை செலவழிக்கும் கொழுப்பு, திரும்பிப் போகும் பயணத்துக்காகச் சேர்த்து வைத்தது. காலில் வண்ணப் பட்டையோ வளையமோ தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பைனாகுலரைக் கீழே வைத்த ஐந்து நிமிடத்தில் இடது வலது குழம்பிவிடும்.

பள்ளிக்கூட லீவு மே மாதம்தான், அப்போதுதான் போக முடியும் என்று சிலர் கேட்பதுண்டு. போகலாம். முதல் வருஷத்துப் பறவைகளில் சில அந்தக் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். கடலுண்டியில் மே முதல் வாரத்திலும் ஒன்றிரண்டு கோட்டானும் மணல் உப்புக்கொத்தியும் இருக்கும். மழை இறங்குவதற்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும். கோடியக்கரைக்கு மட்டும் மே மாதம் வேண்டாம்.